பெம் தளபதியின் சிலையடியில்

1956 ஒக்டோபர் 23ஆந் திகதி புடாபெஸ்ட் மாணவர்களின் ஊர்வலம் எங்கே சென்றது என்பது கவனிக்கத்தக்கது. கவிஞர் பெட்டோஃபியின் சிலையடியிற் கூடியவர்கள், பின்னர் ஜோசப் பெம்மின் சிலையை நாடினர். பெம் போலந்துக்காரர், 1848-49இல் ஹங்கேரியரின் விடுதலைப் போரிற் படை நடத்தியவர். இரு தினங்களுக்கு முன்னர்தான் போலந்தில் கோமுல்கா மீண்டும் கட்சித் தலைமையை ஏற்றிருந்தார். அந்நாட்டு மக்களுக்குத் தம் ஆதரவைக் காட்டவே மாணவர்கள் அங்கு திரண்டனர்.

இதைக் கொண்டு, போலந்து செய்ததையே ஹங்கேரியும் செய்தது எனச் சிலர் முடித்துவிடுகின்றனர். வேறு சிலர், நம் அணியினரும் இவர்களுள் அடங்குவர், எல்லாம் ஏகாதிபத்தியச் சதியே என்றனர். இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை.

1955 ஓகஸ்டில் வார்சோவின் 'நோவா குல்தூரா' ஏட்டில் ஆதம் வாஜிக்கின் 'வளர்ந்தோருக்கான கவிதை' வெளிவந்தது. வாஜிக் எதிரி முகாமினரல்லர்; சோஷலிச யதார்த்தவாதத்துக்காக முன்னின்று வாதாடியவர். நோவா ஹூத்தா உருக்காலை நகரின் வாழ்வு பிரசாரத்திற் காட்டியவாறு இல்லை என்பதையே அவர் பாடினார். கவிதை என்ற அளவில் அது சீரானதன்று. எனினும் உண்மை பேசிற்று. அதை வெளியிட்ட ஆசிரியர் பதவியிழந்தார். ஹங்கேரியிலும், இளைஞர் சங்கத்துக்குள்ளேயே இயங்கிய பெட்டோஃபி வட்டத்தில், கட்சியினரான எழுத்தாளர்களே முதலிற் குரலெழுப்பினர்.

1956 யூன் 27 இரவு அவ்வட்டம் நடத்திய பத்திரிகை பற்றிய விவாதத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தனர். மறுநாட் காலை போஸ்னான் தொழிலாளர் ஊதியங் கேட்டு வீதியில் இறங்கினர், சுடப்பட்டனர். ஹங்கேரியத் தலைவர் ராக்கோசி இச்செய்தியைப் பற்றிக்கொண்டார். யூன் 30இல் வட்டம் கண்டிக்கப்பட்டது. எழுத்தாளர் டிபோர் டேரி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். ஆக, போலந்துச் செய்தி யூனில் ஆள்வோருக்கு உதவிற்று. ஒக்டோபரில் மாணவருக்கு உதவிற்று. இடையிலே ஹங்கேரியே மாறியிருந்தது. யூலையில் ராக்கோசி வீழ்ந்தார். பொய்வழக்கிற் கொல்லப்பட்ட லாஸ்லோ ராய்க்கின் உடல் ஒக்டோபர் 6ஆந் திகதி மறுபடி அடக்கஞ் செய்யப்பட்டபோது பெருந்திரளான மக்கள் மௌனமாக வந்து நின்றனர். இந்த மௌனத்தைப் போலந்து கற்பிக்கவில்லை.

நவம்பர் 4இல் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டைத் தாக்கின. போலந்து மக்கள் ஹங்கேரியருக்கு இரத்ததானஞ் செய்தனர். கவிஞர் வொரொஷில்ஸ்கி தாம் நேரிற் கண்டதை நாட்குறிப்பாக வெளியிட்டார். கோமுல்காவோ அதே அழிவைக் கண்டு வேறு பாடம் படித்தார். 1957 ஜனவரித் தேர்தலுக்கு முன், கட்சி வேட்பாளரை நிராகரித்தால் போலந்தே தேசப்படத்தில் இராது என எச்சரித்தார். அவ்வாண்டு ஒக்டோபரில் மாணவர் ஏடான 'போ புரொஸ்து' மூடப்பட்டது. எதிர்த்து நின்ற வார்சோ மாணவரைப் பொலிசார் அடித்துக் கலைத்தனர். அவ்வேளை டேரி புடாபெஸ்ட் சிறையில் இருந்தார்.