பண்டைய நாகரிகங்களும் நமது பாடசாலை வரலாறும்

பண்டைய நாகரிகங்களைப் பாடசாலையிற் பயில்வதனால் யாது பயன் என்னும் வினா, கொழும்புத் தமிழ்ப் பெற்றோர் மத்தியில் எழுவது வியப்பன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலை வகுப்புகளுக்குச் செல்லும் மாணவர் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நேரம் ஒதுக்குவர். வரலாறோ பரீட்சைக்கு முந்திய வாரத்தில் மன்னர் பெயர்களை மனனஞ் செய்வதோடு முடிந்துவிடும். பெற்றோரைக் குறைகூறுதல் எளிது. ஆயின் அவர்கள் காணும் வரலாறு உண்மையிலேயே பயன் குன்றியது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் வரலாற்றைச் சமூகக்கல்வி என்னும் பாடத்துள் அடக்கிற்று. பின்னர் அது மீண்டும் தனிப்பாடமாயிற்று. எனினும் நோக்கில் மாற்றம் அதிகமில்லை. 1980களில் றெஜி சிறிவர்தன முதலானோர் பாடநூல்களை ஆராய்ந்து, அவற்றினூடாக இனவாதம் எவ்வாறு பிள்ளைகளைச் சென்றடைகின்றது என்பதை எடுத்துக்காட்டினர். இதற்கு நம்மவர் கூறும் மறுமொழியும் பெரும்பாலும் அதே நோய்க்கு உட்பட்டதே. அங்கே அநுராதபுரம் பொற்காலம். இங்கே சங்ககாலம் பொற்காலம். கீழடி அகழ்வின் செய்திகள் வந்தபோதும் நம்முள் பலர் ஆண்டுக் கணக்கையே கேட்டனர். அந்நகரில் யார் நெய்தனர், யார் உண்டனர் என்று கேட்டோர் சிலரே.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். அநுராதபுரத்து அபயகிரிப் பகுதியிலுள்ள, தமிழ் இல்லத்தாருக்குரிய மேடை பற்றிய பிராமிச் சாசனத்தைப் பரணவிதான 1940இல் வெளியிட்டார். தமிழர் ஒருவர் அமைப்பித்த அம்மேடையில் இன்னாரின் ஆசனம் இது என்று பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் மரக்கலத் தலைவன் ஒருவனும் உளன். தமிழர் அன்றே அங்கிருந்தனர் என்பதற்கு நம்மவர் இதனைச் சான்று காட்டுவர். அது உண்மையே. ஆயின் சாசனத்தின் மொழி பிராகிருதம் என்பதை அவர்கள் விரைந்து கடந்துவிடுவர். அதனை நின்று நோக்கும் மாணவன், மொழியும் இனமும் வணிகமும் இன்று நாம் கருதுமாறு அன்று பிரிந்து கிடக்கவில்லை என்பதை உணர்வான். அவ்வாசனங்களுக்கு உரியோர் வசதி படைத்தோர் என்பதும் அவனுக்குப் புலப்படும். மரக்கலத்தில் சுமை ஏற்றியவனுக்கும் மேடையின் கல்லைப் பொளிந்தவனுக்கும் அங்கே ஆசனமும் இல்லை, பெயரும் இல்லை.

பெயரற்ற அத்தகையோர் சிற்சில இடங்களிற் பேசவுஞ் செய்கின்றனர். எகிப்திலே மூன்றாம் ரம்சீசின் 29ஆம் ஆட்சியாண்டில், அரச கல்லறைகளை அமைத்த தொழிலாளர் தமக்குரிய தானியப்படி தாமதமானமையால் வேலையை நிறுத்தினர். அச்செய்தியைப் பதிவுசெய்த பப்பிரசுச் சுவடி இன்று இத்தாலியின் துரின் நகரில் உள்ளது. 1927இல் ஏ. ஈ. குணசிங்ஹவின் தலைமையில் கொழும்புத் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். துறைமுகத்துக்கு அண்மையிலே கொட்டாஞ்சேனையில் வாழும் பிள்ளைக்கு இவ்விரு செய்திகளையும் ஒருங்கே கற்பித்தால், மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட எகிப்து அந்நியமாகத் தோன்றாது.

இலக்கிய மாணவருக்கு இப்பயிற்சியின் தேவை இன்னும் மிகுதி. பேர்மிங்ஹாமிலே ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்த கைலாசபதி, கிரேக்க வீரயுகத்தோடு ஒப்பிட்டமையாலேயே சங்கச் செய்யுள்களுக்குப் பின்னால் பாணர் வாய்மொழி மரபு இருந்ததை விரிவாக விளக்க முடிந்தது. 1968இல் ஒக்ஸ்பேட்டில் வெளிவந்த அந்நூலின் முடிபுகள் யாவும் இன்று ஏற்கப்படுவனவல்ல. பாணர் மரபைப் பின்பற்றிய எழுத்தறிவுடைய புலவரின் ஆக்கங்களே அவை என்று 1975இல் ஜோர்ஜ் ஹார்ட் வாதித்தார். அவ்வாதத்தில் வலுவுண்டு என்றே நானும் கருதுகின்றேன். எனினும் இவ்விவாதமே ஒப்பியல் நோக்கினால் எழுந்தது. தன் இலக்கியத்தைத் தனித்ததோர் அதிசயமாகப் போற்றி நிற்பவனிடம் அது எழ இடமில்லை.

பாடவிதானம் மாறும்வரை ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மேடைச் சாசனத்தையும் துரின் சுவடியின் ஒரு பகுதியையும் எளிய தமிழில் பெயர்த்து ஒரே தாளில் அச்சிட்டு வழங்கலாம். ஒரு பாடவேளை அதற்குப் போதும்.