குட்டியின் ரயில்

ஒரகடம் சாலையில் விடியுமுன்னே கம்பெனி பேருந்துகள் வரிசைகட்டும். ஊரை விட்டு வந்த பிள்ளைகள் கண்ணாடியில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டு போவார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ‘குட்டி’ ஞாபகம் வருகிறது.

2001இல் வந்த படம். சிவசங்கரியின் கதை, ஜானகி விஸ்வநாதனின் முதல் இயக்கம், தங்கர் பச்சானின் ஒளிப்பதிவு, இளையராஜாவின் இசை. இத்தனை இருந்தும் இன்று அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

குயவர் வீட்டுப் பெண் கண்ணம்மா. அப்பா இறந்ததும் சென்னைக்கு வீட்டுவேலைக்கு வருகிறாள். அந்த வீட்டுத் தம்பதி கெட்டவர்கள் இல்லை. மாமியார் வந்த பிறகே கொடுமை தொடங்குகிறது. மற்றவர்களின் மௌனம் அதை வளர்க்கிறது. நல்லவர்கள் இருக்கும் வீட்டிலும் ஒரு குழந்தை நசுங்கிப்போகலாம் என்று படம் குரல் உயர்த்தாமல் சொல்கிறது.

கண்ணம்மாவாக நடித்த பி. ஸ்வேதா சிறந்த குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது பெற்றார். அந்த முகத்தில் அழுகையைவிட அடக்கிக்கொண்ட அழுகைதான் அதிகம். நம்மை உலுக்குவதும் அதுவே.

கடைசியில் அவள் ஊருக்குப் போகத்தான் ஓடுகிறாள். அவளை ஏமாற்றி ஏற்றிவிட்ட ரயிலோ பம்பாய்க்குப் போகிறது. வீட்டை விட்டு ஓடும் பிள்ளைகள் என்கிறோம். இவள் வீட்டைத் தேடி ஓடியவள். அந்த வித்தியாசத்தை எனக்குப் புரியவைத்த படம் இது. தேடிப் பிடித்துப் பாருங்கள்.