இரண்டு ரூபாய் முதலாளிகள்

ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ படத்தை முதன்முறை பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. படத்தைத் தயாரித்தவர்கள் குஜராத்தின் ஐந்து லட்சம் விவசாயிகள். ஆளுக்கு 2 ரூபாய், மொத்தம் 10 லட்சம். 1976இல் வந்த படம். இன்று கிரவுட் ஃபண்டிங் என்றால் நமக்கு ஒரு கியூஆர் கோடு ஞாபகம் வரும். அவர்களோ பால் விற்ற காசில் இரண்டு ரூபாயை விட்டுக்கொடுத்தவர்கள். டைட்டிலிலேயே தயாரிப்பாளர் இடத்தில் அவர்கள் இருக்கிறார்கள். சரி, கதை யாரைப் பற்றியது? நகரத்திலிருந்து ரயிலில் வந்து இறங்கும் ஒரு கால்நடை மருத்துவரைப் பற்றியது. காசு போட்டது ஐந்து லட்சம் பேர், ஹீரோ ஒரு ஆபீசரா?

2024இல் கான் விழாவில் படத்தின் புதுப்பிக்கப்பட்ட பிரதி திரையிடப்பட்ட சமயத்தில் மறுபடி பார்த்தேன். எரிச்சல் போகவில்லை. ஆனால் அதற்கான காரணம் மாறிவிட்டது.

முதலில் வரலாறு. கெய்ரா மாவட்டக் கூட்டுறவு எந்த ஆபீசரும் வந்து தொடங்கியது அல்ல. பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை பால்சன் என்ற தனியார் நிறுவனத்தின் கையில் இருந்தது. கறந்தவனுக்குக் கிடைத்தது சொற்பம். விவசாயிகள் சர்தார் படேலிடம் போனார்கள். உங்களுக்கென்று ஒரு சங்கம் வையுங்கள், மறுத்தால் பாலை நிறுத்துங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். 1946 ஜனவரியில் சமர்கா என்ற ஊரில் கூடி முடிவெடுத்து, பதினைந்து நாள் பால் ஊற்ற மறுத்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சங்கம் பதிவானது. ஊர் ஊராக நடந்து ஆள் சேர்த்தவர் திரிபுவன்தாஸ் படேல். வர்கீஸ் குரியன் ஆனந்துக்கு வந்தது 1949இல்; அதுவும் அரசு உதவித்தொகையில் படித்த கடனைக் கழிக்க, வேண்டாவெறுப்பாக. பிற்பாடு அவரே, நான் விவசாயிகளிடம் சம்பளம் வாங்கும் ஆள் என்றுதான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

படத்தில் இந்த 1946 இல்லை. வேலைநிறுத்தமும் இல்லை, திரிபுவன்தாஸும் இல்லை. டாக்டர் ராவ் (கிரீஷ் கர்னாட்) வந்த பிறகுதான் ஊருக்கே சங்கம் என்ற நினைப்பு வருகிறது. குரியனும் சேர்ந்து உருவாக்கிய கதை, விஜய் டெண்டுல்கர் திரைக்கதை. இவர்களுக்கா இது தெரியாது?

தெரிந்துதான் செய்திருக்கிறார்கள் என்று இப்போது நினைக்கிறேன். 1970இல் ஆபரேஷன் ஃப்ளட் தொடங்கிவிட்டது. ஆனந்த் மாதிரியை நாடு முழுக்கக் கொண்டுபோகும் வேலை. அங்கெல்லாம் வேலைநிறுத்தம் நடந்திருக்கவில்லை. டாக்டரும் டெக்னீஷியனும்தான் போய் இறங்கினார்கள். ‘மந்தன்’ படத்தையும் ஊர் ஊராக எடுத்துப்போய்க் காட்டினார்கள். ஆக, இது ஆனந்தின் கதை இல்லை. ஆனந்தை நகலெடுத்த ஊர்களின் கதை. நம் நாட்டில் பெரும்பாலான கூட்டுறவுகள் மேலிருந்து வந்தவைதான். 1904இல் வெள்ளைக்காரன் போட்ட கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். கெய்ராதான் விதிவிலக்கு.

இப்படிப் பார்த்தால் படம் வேறொன்றாகத் தெரிகிறது. மேலிருந்து வரும் நல்லவன் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது? ராவால் பாலைச் சோதித்து, கொழுப்புக்கேற்ற விலை வாங்கித்தர முடிகிறது. பால் வியாபாரி மிஸ்ராவை (அம்ரீஷ் பூரி) எதிர்க்க முடிகிறது. ஆனால் சங்கத் தலைவர் தேர்தலில் ஊர்ப் பெரியவர் ஒரு தலித்திடம் தோற்கும்போது, இத்தனை நாள் பொதுவாக இருந்த பாலில் சாதி தெரியத் தொடங்குகிறது. தோற்றவர் மிஸ்ரா பக்கம் போய்விடுகிறார். நெருக்கடி நிலையில் நாடாளுமன்றத் தேர்தலே தள்ளிப்போன வருஷத்தில், ஒரு படம் தேர்தலையே தன் மையமாக வைத்ததை நாம் போதுமான அளவு பேசவில்லை. கடைசியில் ராவ் மாற்றலாகி ரயிலேறுகிறார். நிறுத்துவதற்காக ஓடிவரும் போலாவால் (நசீருதீன் ஷா) ரயிலைப் பிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு சங்கம் போலாவின் பொறுப்பு. ஆபீசர் ஹீரோ படம் என்று நான் திட்டியது அவசரம். ஹீரோ போன பிறகு என்ன மிஞ்சும் என்று கேட்கிற படம் இது.

ஆனாலும் ஒரு சண்டை எனக்குப் பாக்கி இருக்கிறது. அது பிந்துவைப் பற்றியது. ஸ்மிதா பாட்டீல் அந்தப் பாத்திரத்தில் வாழ்ந்திருக்கிறார், அதில் சந்தேகமில்லை. எருமையைப் பார்த்துக்கொள்வது, கறப்பது, பாலைச் சுமப்பது எல்லாம் அவள். ராவையே எதிர்த்துப் பேசுகிறவள். ஆனால் பின்பாதியில் அவளுக்குக் கிடைப்பது ஏக்கமும், ஏமாற்றுக் கைநாட்டும்தான். என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாத தாளில் அவள் ரேகை வைக்கிறாள். அது ராவ் மேல் பழியாக வந்து விழுகிறது. பிந்து சங்கத்தில் ஓர் உறுப்பினரா, அவளுக்கு ஓட்டு உண்டா என்ற கேள்வியைப் படம் எழுப்பவேயில்லை.

என் அப்பத்தா இருபது வருஷத்துக்கு மேல் சொசைட்டிக்குப் பால் ஊற்றியவர். விடிகாலை நாலு மணிக்குக் கறந்து, தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார். அட்டை தாத்தா பேரில். பணம் தாத்தா கையில். ஓட்டும் தாத்தாவுக்கு. தலைவர் பதவி எப்போதும் ஒரே வீட்டில்தான் சுற்றியது. “நம்ம ஊரு சொசைட்டி எப்ப அப்பத்தா ஆரம்பிச்சாங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “நம்ம சொசைட்டியா? அது அவுக சொசைட்டிப்பா. நா பாலு ஊத்துறேன், அம்புட்டுதேன்” என்றார்.

‘மந்தன்’ மாதிரி ஒரு படம் மறுபடி வந்தால், அது ரயிலில் வருகிறவரிடமிருந்து தொடங்க வேண்டாம். அந்த வரிசையில் தூக்குவாளியோடு நிற்கிறவரிடமிருந்து, அட்டை யார் பேரில் இருக்கிறது என்ற கேள்வியோடு தொடங்கட்டும். நான் என் இரண்டு ரூபாயைப் போடுகிறேன்.