இன்னொரு குழல் எங்கே?

சென்ற ஆண்டு நான் எழுதிய ஒரு சிறுகதையில், விடுமுறையில் ஊருக்கு வந்த பட்டாளத்துக்காரன் ஒருவன் தன் துப்பாக்கியைப் பற்றிப் பெருமை பேசுவான். "ஒரே துப்பாக்கிதான். காட்டுக்குள் போனால் ஒரு குழல், எல்லையில் நின்றால் வேறு குழல். கழற்றி மாட்டினால் ஆயிற்று!" என்பான். கதை அச்சான ஒரு வாரத்துக்குள் எனக்கு ஒரு கார்டு வந்தது. "தங்கள் கதாநாயகன் வைத்திருக்கும் துப்பாக்கி நம் பட்டாளத்தில் கிடையாது. வாங்க நினைத்தார்கள், வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை என்று தெரிந்திருந்தால் கதை இன்னும் நன்றாக வந்திருக்கும்."

எழுதியவர், துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் ஆர்மரர் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுத் திருக்கோகர்ணத்தில் குடியிருக்கும் ஒரு பெரியவர். என் கதையில் குற்றம் கண்டவரைப் போய்ப் பார்ப்பது என் வழக்கமில்லை. ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. போனேன்.

விஷயம் இதுதான். 2011-இல் இந்திய ராணுவம் 66,000 துப்பாக்கிகளுக்கு டெண்டர் விட்டது. 5.56 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஒரு குழல். அதைக் கழற்றிவிட்டு மாட்டிக்கொள்ள 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு இன்னொரு குழல். எல்லைப் போருக்கு முதலாவது. காஷ்மீரத்தில் கிட்டத்தில் நின்று தீவிரவாதிகளோடு போராடுவதற்கு இரண்டாவது. அமெரிக்கா, இத்தாலி, செக் நாடு, இஸ்ரேல் ஆகிய தேசங்களின் கம்பெனிகள் போட்டிக்கு வந்தன. சோதனைகள் நடந்தன. 2015 ஜூனில் ஒரு துப்பாக்கியும் வாங்காமலே டெண்டர் ரத்தாயிற்று.

"யோசனை நல்லதுதானே ஐயா? இரண்டு துப்பாக்கி வாங்கும் இடத்தில் ஒன்று வாங்கினால் மிச்சமல்லவா?" என்று கேட்டேன்.

பெரியவர் சிரித்தார். "தம்பி, சிப்பாய் முதுகில் என்னென்ன சுமக்கிறான் தெரியுமா? அதோடு இன்னொரு குழலையும் சுமப்பானா? மாட்டான். அது 'கோத்'திலேதான் கிடக்கும்."

கோத் என்பது பட்டாளத்தின் ஆயுதக் கிடங்கு. அவர் மேலே சொன்னார்: "குழலை மாத்தினா மட்டும் போதுமா? இரண்டு தோட்டாவுக்கும் அடிப்பாகம் ஒரே அளவு இல்லை. போல்ட்டின் தலையை மாத்தணும், மாகஸினை மாத்தணும். மாத்தின பிறகு திரும்பவும் சுட்டுப் பார்த்துக் குறியைச் சரி பண்ணணும். எதிரி அதுவரைக்கும் காத்திருப்பானா?"

நான் விடவில்லை. ஜெர்மனியில் பிளேசர் என்ற கம்பெனி இப்படிக் குழல் மாற்றும் வேட்டைத் துப்பாக்கிகளைப் பல வருஷங்களாகச் செய்கிறது. சாதாரண வேட்டைத் துப்பாக்கியைப் போல மூன்று, நான்கு மடங்கு விலை கொடுத்து அதை வாங்குகிறார்கள். அவர்கள் எல்லோரும் அசடர்களா?

அசடர்கள் இல்லை என்பதைப் பெரியவர் ஒப்புக்கொண்டார். ஒரே பெட்டியோடு தேசம் விட்டுத் தேசம் போய், ஒரு வாரம் மானும் அடுத்த வாரம் பெரிய மிருகமும் வேட்டையாடுகிறவனுக்கு அது பயன்படும். தோளுக்குப் பழகிய கட்டையும் விரலுக்குப் பழகிய விசையும் மாறாமல் இருப்பது பெரிய சௌகரியம். ஆனால் அவனும் கணக்குப் பார்க்க வேண்டும். இரண்டாவது குழலுக்கு விலை உண்டு. அதன் மேல் பொருத்தும் தூரக்கண்ணாடிக்கும் விலை உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் நல்ல சாதாரணத் துப்பாக்கி ஒன்றைத் தனியாக வாங்கிவிடலாம். வருஷம் முழுவதும் ஒரே குழலை வைத்துச் சுடுகிறவன், நடக்காத ஒரு காரியத்துக்காகப் பணம் கொடுத்தவனாகிறான்.

அப்படியானால் குழல் மாற்றும் வித்தையே வீண்தானா? இங்கேதான் பெரியவர் எனக்கு ஒரு புதிய விஷயத்தைச் சொன்னார். இரண்டாம் உலகப் போரில் நம் சிப்பாய்கள் பிரென் என்ற இயந்திரத் துப்பாக்கியை வைத்துப் போரிட்டார்கள். அதற்கும் இரண்டு குழல்கள் உண்டு. இரண்டும் ஒரே அளவு. சுட்டுச் சுட்டு ஒன்று காய்ந்ததும் பக்கத்திலிருப்பவன் தாழை விலக்கி அதை எடுத்துவிட்டு, ஆறிய குழலை நொடியில் மாட்டுவான். அந்த இன்னொரு குழல் கிடங்கில் கிடக்கவில்லை. சுடுகிறவன் பக்கத்திலேயே இருந்தது.

வேறொன்றும் சொன்னார். நம் புதுக்கோட்டை மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த பிருத்விராஜ் தொண்டைமான் 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் 'டிராப்' போட்டியில் கலந்துகொண்டது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். 110 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டுகள் சீறிப் பறக்கும். தகுதிச் சுற்றில் 125 வட்டுகளைச் சுட வேண்டும். இரண்டு மூன்று தவறினாலே பின்னுக்குத் தள்ளிவிடும். இந்தப் போட்டிகளுக்காக இத்தாலியில் பெராட்சி கம்பெனி, 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கை மனத்தில் வைத்து ஒரு துப்பாக்கி செய்தது. அதன் விசைப் பகுதியை அப்படியே கையில் கழற்றி எடுத்துவிடலாம். போட்டி நடுவே வில் ஒன்று முறிந்தால் வேறு விசையை மாட்டிக்கொண்டு அடுத்த வட்டுக்குத் தயாராகலாம். விலை அதிகந்தான், கொடுக்கிறவர்கள் வருத்தப்படுவதில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பிரென் குழலும் பெராட்சி விசையும் மாற்றப்படுவது, துப்பாக்கியை வேறொரு துப்பாக்கியாக ஆக்குவதற்கல்ல. அது அதுவாகவே தொடர்ந்து வேலை செய்வதற்கு. அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். ஒன்றை இரண்டாக ஆக்கித் தருகிறேன் என்று சொல்லிக் கேட்கும் விலையைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதை மாற்றப் போவது யார், எப்போது, எங்கே நின்றுகொண்டு என்று கேட்டுவிட்டால் பாதி விடை கிடைத்துவிடும். ராணுவமும் கடைசியில் அந்த வழிக்குத்தான் வந்தது. 2019-இல் அமெரிக்காவிலிருந்து 72,400 துப்பாக்கிகள். 2021-இல் அமேதி பக்கத்துக் கோர்வாவில் செய்வதற்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே.-203 துப்பாக்கிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டா, ஒரு குழல். ஆனால் நடுவே போன வருஷங்கள் பழைய துப்பாக்கியோடு காவல் நின்றவனுடையவை. ஆசைப்பட்டது மேஜை, காத்திருந்தது சிப்பாய்.

என் கதை இப்போது புத்தகமாகிறது. பெருமை பேசும் வரியை நான் அடிக்கவில்லை. விடுமுறையில் வந்தவன் பெருமை பேசாமல் இருப்பானா? திண்ணையில் உட்கார்ந்து கேட்கும் கிழவர், "அது சரி அப்பு, இன்னொரு குழல் இப்ப எங்கே இருக்கு?" என்று கேட்பதாக ஒரு வரி மட்டும் சேர்த்திருக்கிறேன். அவன் பதில் சொல்லவில்லை.