18 கோடி ஜடேஜாவும் 14 கோடி ஜடேஜாவும்

2025 நவம்பர் 15 அன்று ரவீந்திர ஜடேஜா சென்னை சூப்பர் கிங்ஸிலிருந்து ராஜஸ்தான் ராயல்ஸுக்கு மாறினார். இங்கிலாந்தின் சாம் கரனும் அவரோடு போனார். பதிலுக்குச் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். சென்னையிலிருந்து போகையில் மதுராந்தகத்துக்குச் சற்று முன்னால், ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கும் கருங்குழி போன்ற ஊர்களிலும் சென்னை அணியின் வெற்றி தோல்வி சொந்த வீட்டு விஷயம்தான். ரசிகர்கள் ‘தளபதி’ என்று கொண்டாடிய ஒருவரைக் கொடுத்துவிட்டு வாங்கியது லாபமா, நஷ்டமா என்பதே எங்கும் கேள்வியாக இருந்தது.

கேள்விக்கு விடை தேடுமுன் கணக்கைப் பார்த்துவிட வேண்டும். சாம்சன் தன் பழைய சம்பளமான 18 கோடி ரூபாய்க்கே வந்தார். கரன் 2.4 கோடிக்குப் போனார். ஜடேஜாவின் சம்பளம் மட்டும் 18 கோடியிலிருந்து 14 கோடியாகத் திருத்தப்பட்டது. சென்னை 20.4 கோடிச் சம்பளத்தை இறக்கி வைத்து 18 கோடியை ஏற்றுக்கொண்டது, மிச்சம் 2.4 கோடி. ராஜஸ்தான் 18 கோடியை இறக்கி 16.4 கோடியை ஏற்றுக்கொண்டது, மிச்சம் 1.6 கோடி. கொடுத்தவருக்கும் மிச்சம், வாங்கியவருக்கும் மிச்சம். இரண்டையும் கூட்டினால் 4 கோடி. ஜடேஜாவின் சம்பளத்தில் குறைந்ததும் அதே 4 கோடிதான்.

எந்த அணிக்கு லாபம் என்ற விவாதம் கவனிக்கத் தவறிய இடம் இது.

அணிகள் வீரர்களை நேரடியாக மாற்றிக்கொள்ளும் டிரேட் முறையே தவறு என்று சொல்ல வரவில்லை. சென்னையின் முடிவுக்குக் கிரிக்கெட் ரீதியான நியாயம் உண்டு. 2025 தொடரில் அந்த அணி 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, தன் வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடத்தில் முடித்தது. அப்போது தோனிக்கு வயது 44. அவருக்குப் பின் விக்கெட் கீப்பிங் யார் கையில் என்ற கேள்வி பல ஆண்டுகளாகத் தள்ளிப்போடப்பட்டு வந்தது. சாம்சன் அப்போது 31 வயதுக்காரர். விக்கெட் கீப்பர், தொடக்க ஆட்டக்காரர், அணித்தலைவராக இருந்தவர். ஜடேஜாவோ 37-ஐத் தொடவிருந்தார். சர்வதேச டி20 ஆட்டங்களிலிருந்து 2024-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். ஏலத்துக்குப் போயிருந்தால் சாம்சன் கிடைப்பார் என்ற உறுதியில்லை. பத்து அணிகள் போட்டியில் நிற்கும். தேவை தெரிந்த இரண்டு அணிகள் நேராகப் பேசி முடிப்பது, ஏலத்தின் பரபரப்பைவிட நிதானமான வழி.

இன்னொரு நன்மையும் உண்டு. ஐபிஎல் விதிப்படி வீரரின் சம்மதம் இல்லாமல் டிரேட் செய்ய முடியாது. டிரேட் கலாசாரம் வேரூன்றிய வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்-லில், ஒப்பந்தத்தில் தனி விதி எழுதி வாங்காத வீரரை யாரும் கேட்க வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் கொலராடோ அணி தன் நட்சத்திரம் மிக்கோ ரான்டனனைக் கரோலினாவுக்கு அனுப்பியது. நீண்டகால ஒப்பந்தத்துக்கு அவர் கேட்கக்கூடிய தொகை, சம்பள உச்சவரம்புக்குள் தன்னால் தாங்க முடியாதது என்பதே கொலராடோவின் கணக்கு. மார்ச்சில் கரோலினா அவரை டல்லாஸுக்கு மாற்றியது. டல்லாஸ் எட்டு ஆண்டுகளுக்கு 9.6 கோடி டாலர் தந்தது. மே மாதம் முதல் சுற்றின் ஏழாவது, தீர்மானமான ஆட்டத்தில், அதே கொலராடோவுக்கு எதிராகக் கடைசிப் பகுதியில் மட்டும் மூன்று கோல்கள் அடித்து அதை வெளியேற்றினார் ரான்டனன். அங்கேயும் மதிப்புக் கணக்குகள் பிழையாகின்றன. ஆனால் சம்பளம் முதல் ஒப்பந்த ஆண்டுகள் வரை எல்லாம் பொதுவெளியில் இருப்பதால், பிழை எங்கே நேர்ந்தது என்று ரசிகரால் விரல் வைத்துச் சொல்ல முடிகிறது.

ஐபிஎல்-லின் முதல் குறை, விலையே மதிப்பாகிவிடுவது. ஜடேஜா போன அடுத்த மாதம், டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஏலத்தில் 30 லட்சம் அடிப்படை விலையில் இருந்த 20 வயது பிரசாந்த் வீரைச் சென்னை 14.20 கோடிக்கு எடுத்தது. அப்போது இந்தியாவுக்கு ஆடியிராத, இடக்கைச் சுழல் வீசும் ஆல்ரவுண்டர் அவர். ஜடேஜாவின் இடத்துக்கு வந்தவர் ஜடேஜாவைவிட 20 லட்சம் அதிகம் பெறுகிறார். அந்த இளைஞர் மேல் பிழையில்லை. ஏலத்தில் செலவழிக்க அணிக்கு அனுமதிக்கப்பட்ட தொகையான பர்ஸில் பணமும் அணியில் வெற்றிடமும் சேர்ந்தால் கைகள் உயர்ந்துகொண்டே போகும். ஏலத்தின் இயல்பு அது. அந்த நொடியில் விழுந்த எண்ணை வைத்து ஒரு வீரரின் தகுதியை இன்னொருவரோடு எடைபோடுவதுதான் பிழை.

கபடி அணியான தமிழ் தலைவாஸின் ரசிகர்களுக்கு இது பழகிய அனுபவம். 2022-இல் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்கள்; அன்றைக்குப் புரோ கபடியின் உச்ச விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம், தொடர் முழுக்க இல்லை. புதுமுகமான நரேந்தர் ரெய்டுகளைத் தோளில் சுமக்க, அந்த அணி முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது.

இரண்டாவது குறை, ஒரு வீரர் ஓர் அணியில் பல ஆண்டுகள் இருந்து சேர்த்தது எந்தப் பட்டியலிலும் ஏறாதது. 2023 இறுதியாட்டத்தில் கடைசி இரண்டு பந்துகளில் 10 ரன் தேவைப்பட்டபோது மோகித் சர்மாவின் பந்துகளில் ஒரு சிக்ஸரும் ஒரு பவுண்டரியும் அடித்தவர் ஜடேஜா. சென்னையோடு 2018, 2021, 2023 என மூன்று கோப்பைகள். இதை உணர்ச்சி என்று ஒதுக்குவோர் 2024-இன் மும்பையைப் பார்க்கட்டும். குஜராத்துக்கு முதல் ஆண்டிலேயே கோப்பையும் அடுத்த ஆண்டு இறுதியாட்டமும் தந்த ஹர்திக் பாண்டியாவை 15 கோடி சம்பளத்துக்கு வரவழைத்து, ரோகித் சர்மாவை நீக்கித் தலைவராக்கினார்கள். எண்களில் அது அருமையான டிரேட். வான்கடேயில் சொந்த ரசிகர்களே அவருக்கு எதிராகக் கூச்சலிட்டார்கள். மும்பை கடைசி இடத்தில் முடித்தது.

மூன்றாவதும் மிகப் பெரியதுமான குறை மறைவு. வீரரின் சம்பளம் அறிவிக்கப்படுகிறது. ஆனால் அணிகளுக்கிடையே கைமாறும் டிரான்ஸ்பர் கட்டணம் வெளியே சொல்லப்படுவதில்லை, ஏலப் பர்ஸிலும் சேர்வதில்லை. எல்லா அணிகளும் சமமாகச் செலவழிக்க வேண்டும் என்பதற்காகவே உச்சவரம்பு இருக்கிறது. பக்கத்துக் கதவைத் திறந்துவைத்தால் அந்தச் சமநிலைக்கு என்ன பொருள்?

வீரரின் பக்கமும் இதே இருட்டுதான். 2010-இல், ராஜஸ்தான் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு நேராகப் பேச முயன்றதற்காக ஜடேஜாவை ஐபிஎல் ஓராண்டு தடைசெய்தது. தன் விலையைத் தானே பேச இளம் வீரருக்கு அன்று உரிமை இருக்கவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து அவர் சம்பளத்தில் 4 கோடி குறைகிறது. எதனால் என்று அறிவிப்பில் ஒரு வரிகூட இல்லை. அவர் மனமுவந்தே ஒப்புக்கொண்டிருக்கலாம், பழைய அணிக்குத் திரும்பும் ஆவலும் இருந்திருக்கலாம். இந்த நடைமுறை ரசிகருக்குக் கொடுப்பது ஊகத்தை மட்டுமே.

டிரேட் தொடரட்டும். ஒவ்வொரு டிரேடிலும் டிரான்ஸ்பர் கட்டணம் எவ்வளவு, அதில் வீரருக்கு எவ்வளவு, சம்பளம் மாறினால் என்ன காரணம் என்ற மூன்று விவரங்களையும் இந்தியக் கிரிக்கெட் வாரியம் அறிவிப்பிலேயே சேர்க்க வேண்டும். டிரான்ஸ்பர் கட்டணத்தில் ஒரு பகுதியையாவது வாங்கும் அணியின் பர்ஸ் கணக்கில் ஏற்ற வேண்டும். புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவையில்லை. அடுத்த டிரேட் காலம் தொடங்குமுன் விதிப்புத்தகத்தில் ஒரு பக்கம் போதும்.