மரமூட்டும் இரும்புப் பிணைப்பும்

தூணும் உத்தரமும் எத்துணை வலியவாயினும், அவை ஒன்றையொன்று சேருமிடமே கட்டடத்தின் உயிர்நிலையாகும். கழுந்தும் துளையும் செதுக்கி, முளையும் ஆப்பும் இட்டு, மரத்தை மரத்தாற் பிணிப்பது பண்டைத் தச்சர் நெறி. தகடும் திருகாணியும் கொண்டு இரும்பாற் பிணிப்பது இக்கால நெறி. இவற்றுள் எது சிறந்தது என்னும் வினாவிற்கு விடை கூறுவோர் இரு கட்சியினராகப் பிரிந்து நிற்கின்றனர். அவ்வழக்கு மிகக் கூர்மையாக நிகழ்ந்த நாடு யப்பான். அந்நாட்டின் அனுபவத்தைக் கொண்டு இரு கட்சியார் கூற்றையும் சீர்தூக்குதல் பயனுடைத்து.

பழைய நெறியைப் போற்றுவோர் முதற்கண் காட்டும் சான்று, நாரா நகரை அடுத்துள்ள ஹோர்யூஜி என்னும் பௌத்த மடம். உலகில் இன்று நிலைத்திருக்கும் மரக்கட்டடங்களுள் மிகப் பழையன அங்குள்ளன. ஏறக்குறைய 32 மீற்றர் உயரமுள்ள அதன் ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூண், 594ஆம் ஆண்டில் வெட்டிய மரமென ஆண்டுவளைய ஆய்வு காட்டிற்று. இம்மடத்தைப் பேணிய தச்சர் மரபில் வந்தவர் நிஷியோக்கா சுனேகாசு (1908-1995). 1944இல் இடிவீழ்ந்து எரிந்த ஹோரின்ஜிக் கோபுரம் 1975இல் மீண்டும் எழுப்பப்பட்டது. அப்பணியில், இரும்பால் வலுவூட்ட வேண்டுமென்றார் கட்டடவியல் அறிஞர். மரம் மூப்படையுமுன் இரும்பு துருவேறி அழியும், அதனைச் செருகத் துளைத்த இடமும் கெடும் என்று மறுத்தார் நிஷியோக்கா. யகுஷிஜி மடத்தின் பொன்மண்டபம் 1976இல் எழுந்தபோதும் இவ்வழக்குத் தொடர்ந்தது. திருவுருவங்களைத் தீயினின்று காத்தற்பொருட்டு, அதன் உள்ளறை வலுவூட்டிய கொங்கிறீற்றினால் அமைந்தது.

நிஷியோக்காவின் கூற்று ஆழ்ந்த பட்டறிவிற் பிறந்தது. ஆயினும், அவரைப் பின்பற்றிப் பேசுவோர் அதனை அளவிறந்து நீட்டிவிட்டனர். ‘ஓர் ஆணியுமின்றிக் கட்டியது’ என்னும் புகழ்ச்சி உண்மைக்குப் பொருந்தாது. ஹோர்யூஜியிலேயே அடித்துருவாக்கிய இரும்பாணிகள் உள்ளன. நிஷியோக்காவும் கொல்லர் வடித்த ஆணிகளைப் பயன்படுத்தினார். அவர் வெறுத்தது இரும்பையன்று. மரத்தின் ஆயுளோடு ஒவ்வாத இரும்பையே.

அன்றியும், அக்கோபுரத்தின் நீடுவாழ்வு மூட்டால் மட்டும் வந்ததன்று. ஹினோக்கி மரத்தின் உறுதியும், மழையைத் தள்ளும் அகன்ற இறவாரமும், தலைமுறைதோறும் நிகழ்ந்த பழுதுபார்ப்பும் அதற்குத் துணைநின்றன. 1934இல் தொடங்கிய பெருந்திருத்தப் பணியில் கோபுரம் உறுப்புறுப்பாகக் கழற்றப்பட்டு மீண்டும் கோக்கப்பட்டது. கழற்றிக் கோத்தற்கு இடந்தருவதே மரமூட்டின் தலையாய சிறப்பெனலாம். ஒருபுறம் நின்றவை பேசுகின்றன. வீழ்ந்த எண்ணிறந்த கட்டடங்கள் சான்று கூற வருவதில்லை என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது.

இனி, விசைகளின் இயல்பை நோக்குவோம். கழுந்து துளையினுள் அழுந்தி நிற்கையில் மூட்டுப் பெருஞ்சுமையைத் தாங்கும். தூண்களை ஊடுருவிச் செல்லும் ‘நுக்கி’ என்னும் குறுக்குமரங்களில் ஆப்பிறுக்கிய சட்டகம், நிலம் நடுங்கும்போது வளைந்தசைந்து, உராய்வாலும் மரம் நசுங்குதலாலும் அதிர்வின் ஆற்றலைத் தணிக்கும். தோதாய்ஜி மடத்தில் 1199இல் எழுந்த தெற்குப் பெருவாயில் இவ்வமைப்பிற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆனால், தூணை மேல்நோக்கி இழுக்கும் விசை தோன்றின் குறுங்கழுந்து துளையினின்று உருவிவிடும். துளையிடுதலால் தூணின் பருமனும் குறையும். இழுவிசையைத் தாங்குவதில் இரும்பே வல்லது.

இவ்வுண்மையை யப்பான் பெருவிலை கொடுத்து அறிந்தது. 1995 ஜனவரி 17இல் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 6,400க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவருட் பெரும்பாலோர் பழைய மரவீடுகள் சரிந்தமையால் இறந்தவராவர். கனத்த ஓட்டுக்கூரை, போதாத சுவர், கறையானும் ஈரமும் அரித்த அடிமரம் என்பவற்றோடு, தூணின் கழுந்து உருவியதும் அவ்வழிவிற்குக் காரணமாயிற்று. 2000ஆம் ஆண்டில் திருத்திய கட்டட விதி, தூணின் தலையிலும் அடியிலும் எவ்வெவ் விசைக்கு எவ்வெவ் இரும்புப் பிணைப்பு வேண்டுமென வரையறுத்தது. 2016இல் குமமொத்தோவில் நிலம் நடுங்கியபோது, இவ்விதிக்கமைந்த வீடுகள் பழையவற்றினும் மிகக் குறைவாகவே இடிந்தன. உறங்குவோர் தலைமேல் வீடு வீழாதிருத்தல் கலையழகினும் முற்பட்ட கடமை என்பதனை மறுப்பாரிலர்.

எனினும், இரும்பின் கட்சியாரும் மிகைபடக் கூறுகின்றனர். குளிர்ந்த இரும்பில் நீராவி துளியாகி, அதனைச் சூழ்ந்த மரத்தை உளுக்கச்செய்யும். பச்சைமரம் உலர்ந்து சுருங்குங்கால் திருகாணி தளரும். சிலபோது மரமே பிளக்கும். தீப்பற்றின், பருமரம் புறத்தே கரியாகித் தன் உள்ளீட்டை நெடும்பொழுது காத்துக்கொள்ளும். காப்பற்ற எஃகோ ஏறக்குறைய 550 பாகை செல்சியசில் வலிமையிற் பாதியை இழக்கும். இவற்றினும் பெரிய தீங்கு பிறிதொன்றுண்டு. தகடு பிழையான தச்சுவேலையையும் மறைத்துவிடும். மரத்தின் முறுக்கையும் நாரின் போக்கையும் அறிந்து வெட்டும் கைகள் அதனால் அருகும். அக்கைகள் மறைந்தபின் ஹோர்யூஜியைக் கழற்றிக் கோக்க வல்லார் யாவர்?

ஆதலின், வழக்கின் பிழை வினாவிலேயே உள்ளது. ஒன்றன் அளவுகோலால் மற்றொன்றை அளத்தல் முறையன்று. நெரிசலான நகரில், குறைந்த செலவில், சில தலைமுறைக்கெனக் கட்டும் வீட்டில் இழுவிசையைத் தடுக்க இரும்பு இன்றியமையாதது. நூற்றாண்டுக்கு ஒருமுறை கழற்றித் திருத்துதற்குரிய கோயிலில் மரமூட்டே பொருத்தமானது. இவற்றை யப்பானியச் சட்டமும் ஒருவாறு உணர்ந்தது. இரும்பை வற்புறுத்திய அதே 2000ஆம் ஆண்டுத் திருத்தமே, மரபுவழிச் சட்டகத்தின் வலிமையைக் கணித்துக் காட்டி இசைவுபெறும் வழியையும் திறந்தது. பழைமை என்பதனாற் போற்றலும் புதுமை என்பதனால் ஏற்றலும் அறிவுடைமையாகா. ஒவ்வொரு மூட்டும் எவ்விசையை, எத்துணைக் காலம், எவர்பொருட்டுத் தாங்கவேண்டும் என்று ஆராய்ந்து பிணிப்பவனே நற்றச்சன்.