லேசர் டிஸ்க் இருக்கட்டும்

ஒர்லாண்டோ வெயில் நம் ஊர்க் கத்திரிக்குச் சளைத்ததல்ல. மேஜிக் கிங்டம் பூங்காவின் ஒரு மூலையில் உள்ள அந்த வட்டக் கட்டடத்துக்குள் நுழைகிறவர்களில் பலர் வெயிலுக்கு ஒதுங்க வந்தவர்கள்தான். பெரும்பாலும் வரிசை இருக்காது, உட்கார நாற்காலி உண்டு, உள்ளே ஏசி குளிரும். அப்படி இளைப்பாற உட்கார்ந்தவர்களுக்கு இரண்டாவது காட்சியில் எதிரே தெரிவது 1920களின் ஜூலை மாதப் புழுக்கம். திரைக்குப் பின்னால் விளக்கு ஏறுகிறது. குளியல் தொட்டியில் ஆர்வில் என்ற உறவினர் சாவகாசமாகச் சாய்ந்திருக்கிறார். ஐஸ் பாளத்தைத் தடவிக்கொண்டு வரும் மின்விசிறிக் காற்று அவர்மேல் படுகிறது. ஏசி என்ற ஒன்றை வீட்டுக்குள் தானே கண்டுபிடித்துவிட்ட பெருமிதம் அவருக்கு. அந்தச் சுகத்தில் அவர் கால்விரல்கள் மெல்ல அசைகின்றன.

அந்தக் கால்விரல்களைக் கவனிக்க வேண்டும். கதைக்கு அவை தேவையில்லை. வாய் அசைந்து, தலை திரும்பினால் போதும், அரங்கம் சிரித்துவிடும். அத்தனை சின்ன அசைவுக்காக ஒரு பொம்மையின் பாதத்துக்குள் தனியாகப் பொறி வைத்தவர்களின் மனம் எப்படிப்பட்டது என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒரு மனிதர் நிம்மதியாக இருக்கிறார் என்பதை முகத்தைவிடக் கால்விரல்தான் உண்மையாகச் சொல்லும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் கண்ணில் பட்டதும் ஆர்வில் அலுத்துக்கொள்கிறார், இந்த வீட்டில் தனிமைக்கே இடமில்லை என்று. குரல், பக்ஸ் பன்னிக்குப் பேசிய மெல் பிளாங்குடையது. அவர் 1989-இல் இறந்துவிட்டார். சுற்றிலும் வசனம் மாறியது, பாட்டு மாறியது, பூங்காவே மாறியது. 1964-இல் பதிவான அந்த அலுப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

‘கரோசல் ஆஃப் புரோகிரஸ்’ என்ற இந்தக் காட்சியை என்ன செய்வது என்ற பேச்சு பல ஆண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. பொம்மைகள் பழையவை, கடைசிக் காட்சி காலாவதியாகிவிட்டது, மூடிவிட்டு அந்த இடத்தில் வேகமான ராட்டினம் ஒன்றைக் கட்டலாம் என்பது ஒரு கட்சி. நவீன வீட்டைக் காட்டிப் புதுப்பிக்கலாம் என்பது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் சம்மதமில்லை. இதன் நுட்பம் எங்கே இருக்கிறது என்று நிதானமாகப் பார்க்காமல் பேசுகிற பேச்சு இரண்டுமே.

1964-இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்காக வால்ட் டிஸ்னியின் குழு உருவாக்கியது இது. மின்சாரம் ஒரு அமெரிக்கக் குடும்பத்தின் வாழ்வை எப்படி மாற்றியது என்று காட்ட வேண்டும், கூடவே குளிர்பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் விற்க வேண்டும். பொருள்காட்சிக்கு ஒரு விளம்பரம், அவ்வளவுதான் கேட்கப்பட்டது. பிறகு 1967-இல் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாண்டுக்குப் போய், 1973 வரை அங்கே ஓடி, 1975 ஜனவரியில் ஃப்ளோரிடாவுக்கு வந்து சேர்ந்தது. அமெரிக்க மேடை வரலாற்றிலேயே மிக அதிக முறை நிகழ்த்தப்பட்டது இதுதான் என்று டிஸ்னி நிறுவனம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது.

சுழலும் மேடையை நாம் பார்த்திருப்போம். இங்கே மேடை அசையாது, சுழல்வது பார்வையாளர்கள். நடுவில் மேடைகள் வட்டமாக நிலைத்து நிற்க, வெளிவட்டத்தில் ஆறு பகுதிகளாகப் பிரிந்த இருக்கைக்கூடம், அமர்ந்திருப்பவர்களோடு சேர்ந்து நகர்கிறது. ஒரு பகுதியினர் முதல் காட்சியைப் பார்க்கும்போதே அடுத்த பகுதியினர் இரண்டாவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூட்டத்தை நிற்கவிடாமல் நகர்த்துவதற்கான பொறியாளர் கணக்குதான் இது. ஆனால் அதற்குள் ஓர் அழகு வந்து குடியேறிவிட்டது. காலம் நம்மைக் கடந்து போவதில்லை, சன்னிதி சன்னிதியாக நின்று பிரகாரம் சுற்றுவதுபோல் நாம்தான் காலத்தைச் சுற்றி வருகிறோம். முன்னேற்றம் என்றாலே நேர்க்கோட்டில் பாய்வது என்று நினைக்கும் ஒரு நாட்டில், அதை வட்டத்தில் வைத்தார்கள். இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகச் சுற்றிவிட்டு, ஏறிய வாசலுக்குப் பக்கத்திலேயே இறங்குகிறோம்.

இருக்கைகள் நகரும் அந்தச் சில விநாடிகளை நிரப்ப ஒரு பாட்டு வேண்டியிருந்தது. ஷெர்மன் சகோதரர்கள் எழுதிக் கொடுத்த பாட்டு, மாபெரும் அழகான நாளை ஒன்று காத்திருக்கிறது என்ற நம்பிக்கையைச் சொல்கிறது. மெட்டு ஒன்றுதான். ஒவ்வொரு காலத்துக்கும் வாத்தியக் கோப்பு மட்டும் அந்தந்தக் காலத்தின் நடையை உடுத்திக்கொள்கிறது. கண் இருட்டில் இருக்கும்போது காது பத்திருபது ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறது. அடுத்த திரை விலகும்போது மனம் ஏற்கெனவே அங்கே போயிருக்கிறது. 1975-இல் இந்தப் பாட்டை எடுத்துவிட்டு, அதே சகோதரர்களிடம் வேறொன்றை வாங்கிப் போட்டார்கள். ‘நாளை’ என்று பாடினால் மக்கள் இன்றைக்குச் சாமான் வாங்காமல் தள்ளிப்போடுவார்கள் என்று ஜெனரல் எலக்ட்ரிக் கருதியதாகச் சொல்வார்கள். அந்த நிறுவனம் 1985-இல் விலகிக்கொண்டது. 1990களில் பழைய பாட்டு திரும்பி வந்தது. அது திரும்பி வந்த பிறகுதான் சுழற்சிக்கு உயிர் வந்தது என்பது என் எண்ணம்.

முதல் காட்சி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம். நாற்காலியில் ஜான் என்ற குடும்பத் தலைவர், காலடியில் நாய். எரிவாயு விளக்கு வந்துவிட்டது, சமையலறைக்குள்ளேயே நீர் இறைக்கலாம், இதைவிட வசதி இனி எங்கே வரப்போகிறது என்று மனநிறைவோடு பேசுகிறார். வட கரோலினாவில் இரண்டு சகோதரர்கள் பறக்கும் கருவி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறார்களாம், அது எங்கே பறக்கப்போகிறது என்கிறார். அரங்கம் சிரிக்கிறது. இரண்டாவது காட்சியில் மின்சாரம் வந்துவிட்டது, விமானி லிண்ட்பெர்க் பற்றியும் ஆல் ஜால்சனின் பேசும் படம் பற்றியும் பேச்சு ஓடுகிறது. ஒரே பிளக்கில் இத்தனை சாதனங்களை மாட்டியதில் ஃபியூஸ் போகிறது. மூன்றாவதில் 1940கள், தொலைக்காட்சி. ஒவ்வொரு முறையும் அதே முகம், அதே மனநிறைவு. யாருக்கும் வயதாகவில்லை, காலத்துக்கு மட்டும் வயதாகிறது.

இந்த நகைச்சுவையில் ஜானை மட்டம்தட்டும் எண்ணம் துளியும் இல்லை. அவர் சொல்வது அவர் காலத்துக்கு நியாயம். நமக்குக் கூடுதலாகத் தெரிவதெல்லாம் நாம் பின்னால் பிறந்ததால் தெரிந்தவை. நம் வீட்டு ஹாலில் அமர்ந்து நாம் பேசும் பேச்சும் இப்படித்தான் கேட்குமோ என்று ஓர் எண்ணம் அந்தச் சிரிப்போடு எழுகிறது. அது எழுவதற்கு எந்த வசனமும் வைக்கவில்லை என்பதே எழுதியவர்களின் நிதானம்.

மேடையின் இரு பக்கமும் சல்லாத்துணித் திரைகள். முன்னாலிருந்து விளக்கு விழும்போது அவை சுவர்போலத் தெரியும். பின்னால் விளக்கேறினால் சுவர் கரைந்து ஓர் அறை தோன்றும். நாடகக்காரர்களின் பழைய வித்தைதான். முதல் காட்சியில் அப்படித் தோன்றும் ஓர் அறையில் மகன் ஜேம்ஸ், உலகக் கண்காட்சியில் ஆடிப் புகழ்பெற்ற நடனக்காரியின் படத்தை ஸ்டீரியோஸ்கோப் கருவிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தந்தை அதட்டுகிறார். அந்தக் கருவி யாருடையது? தந்தையுடையது. படமும் அவர் வாங்கியதுதானே என்று நாம் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் விளக்கு அணைந்து, சுவர் மறுபடி சுவராகிவிடுகிறது.

இன்னோர் அறையில் மனைவி சாரா. துவைக்கும் சாதனம் வந்ததால் இரண்டு நாள் வேலை ஐந்து மணி நேரத்தில் முடிகிறது என்று மகிழ்கிறாள். மிச்ச நேரத்தில் என்ன செய்கிறாளாம்? காய்கனி பதப்படுத்துகிறாள், அடுப்பைத் துலக்குகிறாள். சாதனங்களை விற்க வந்த நிறுவனத்தின் மேடையில் பிறந்த காட்சி இது என்பதை நினைத்துக்கொண்டு இந்த இடத்தைக் கேட்க வேண்டும். இயந்திரம் மிச்சப்படுத்திய நேரம் மறுபடி வேலைக்கே போகிறது என்ற உண்மை சிரிப்போடு சிரிப்பாக வந்து விழுகிறது. 1940களில் அதே சாரா சுவருக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டு, ஓர் ஆணை வைத்து இந்த வேலையைச் செய்திருந்தால் கூலி கொடுத்திருப்பாய் அல்லவா என்ற பொருளில் கணவனைக் கேட்கிறாள். பக்கத்தில் பெயின்ட் கலக்குவதற்கு உணவு மிக்சர் சுழன்று, வண்ணத்தை வாரி இறைக்கிறது. மூன்று காட்சியிலும் ஜான் நாற்காலியை விட்டு எழவில்லை. நான்காவதில்தான் அவர் நின்றுகொண்டு, ஏப்ரன் கட்டிக்கொண்டு சமைக்கிறார். இத்தனை கருவிகளும் சேர்ந்து சாதித்த மாற்றங்களில் இது சிறியதல்ல. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அவர் நிற்கிறார், அவ்வளவுதான்.

குரல்களுக்குள் ஒரு தலைமுறைக் கதை ஒளிந்திருக்கிறது. 1964-இல் தந்தையாகப் பேசியவர் கௌபாய் பாடகர் ரெக்ஸ் ஆலன். 1990களின் புதுப்பித்தலில் தந்தையின் குரல் வானொலிக் கதைசொல்லி ஜீன் ஷெப்பர்டுக்குப் போனது. ரெக்ஸ் ஆலனை அனுப்பிவிடவில்லை, நான்காவது காட்சியில் தாத்தாவாக உட்காரவைத்தார்கள். உருவங்களுக்கு வயது ஏறாத அந்த வீட்டில் ஒரு குரலுக்கு மட்டும் முப்பது வயது கூடியிருக்கிறது. இது தெரியாமலும் காட்சியை ரசிக்கலாம். தெரிந்தவர்களுக்குத் தாத்தா வாய் திறக்கும் இடம் நெஞ்சைத் தொடும்.

அந்த நான்காவது காட்சியைத்தான் எல்லோரும் குறை சொல்கிறார்கள். கிறிஸ்துமஸ் மாலை. குடும்பத்தார் எதிர்காலப் பொருள்களாக வியந்து பேசுபவை லேசர் டிஸ்க், காரில் தொலைபேசி, துல்லியத் தொலைக்காட்சி. அடுப்பு பேச்சைக் கேட்டு வேலை செய்யும். பாட்டி கண்ணில் கருவியை மாட்டிக்கொண்டு மெய்நிகர் விளையாட்டு ஆடுகிறாள், அவள் எடுத்த புள்ளிகளை யாரோ உரக்கச் சொல்ல, அடுப்பு அதைத் தனக்கிட்ட ஆணை என்று எடுத்துக்கொண்டு சூட்டை 975 வரை ஏற்ற, வான்கோழி கருகிப் போகிறது. 1990களின் நடுவில் இது நாளைய வீடு. இன்று பார்க்கிற பிள்ளைக்கு லேசர் டிஸ்க் என்றால் என்னவென்றே தெரியாது.

குறை என்று இதைச் சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. முதல் காட்சியில் ஐஸ் பெட்டியைப் பார்த்துப் பெருமைப்படும் ஜானுக்கும், நான்காவதில் லேசர் டிஸ்க்கைக் கொண்டாடும் குடும்பத்துக்கும் என்ன வேறுபாடு? 1994-இல் இருந்தது. அன்று நான்காவது காட்சி மற்ற மூன்றோடு ஒட்டவில்லை. முதல் மூன்றிலும் பார்வையாளர்களுக்கு ஜானைவிட அதிகம் தெரியும், நான்காவதில் அவர் நமக்குக் காட்டிக்கொடுக்கும் வழிகாட்டியாகிவிடுவார். முப்பது ஆண்டு கடந்ததில் அந்த வேறுபாடு அழிந்துவிட்டது. எழுத்தாளர்கள் முடிக்காமல் விட்டதைக் காலம் முடித்துக் கொடுத்திருக்கிறது. இப்போதுதான் நான்கும் ஒரே இழையில் நிற்கின்றன. பேச்சைத் தப்பாகக் கேட்டுக்கொள்ளும் அந்த அடுப்புக்கு இன்று கிடைக்கும் சிரிப்பில், வீட்டில் பேசும் கருவி வைத்திருப்பவர்களின் அனுபவமும் சேர்ந்திருக்கிறது. அந்தச் சிரிப்பு 1994-இல் கிடைத்திருக்க வழியில்லை.

இதைக் கலைத்துப் போட்டு இன்றைய வீட்டைக் கட்டினால் என்ன ஆகும்? இன்றைய கைப்பேசி ஐந்தாறு ஆண்டில் பழசாகும், மறுபடி இதே பேச்சு எழும். பக்கத்திலேயே பாடம் இருக்கிறது. அதே பூங்காவின் ‘டிக்கி ரூம்’ பறவைக் கச்சேரியை 1998-இல் புதுப்பித்தார்கள், புதிய படங்களிலிருந்து இரண்டு பறவைகளைக் கொண்டுவந்து, பழைய காட்சியையே கேலி செய்யும் வசனம் கொடுத்து. ரசிகர்கள் அதை மன்னிக்கவே இல்லை. 2011 ஜனவரியில் அங்கே ஒரு தீவிபத்து நேர்ந்தது. பழுதுபார்த்துத் திறந்தபோது புதுப்பித்ததை விட்டுவிட்டு, பழைய கச்சேரியைச் சற்றுச் சுருக்கி மீண்டும் வைத்தார்கள். எல்லாப் புதுப்பித்தலும் கெடுதல் என்று சொல்லமாட்டேன். 1971-இலிருந்து பாடிய ‘கன்ட்ரி பேர்’ கரடிகள் 2024-இல் பாட்டுகளை மாற்றிக்கொண்டன. பாட்டு மாறினாலும் கரடி கரடிதான், அங்கே கேட்கப்படுவது கச்சேரி. ஜான் வீட்டில் காட்டப்படுவது காலம், அதைத் தேதி மாற்றி எழுத முடியாது.

வால்ட் டிஸ்னியின் உருவத்தையே தொடக்கத்தில் வைத்து அறிமுகம் செய்யவைக்கப் போவதாக 2025-இல் நிறுவனம் அறிவித்தது. வரட்டும், முன்னுரையில் யார் பேசினாலும் அந்த வீட்டுக்குக் கேடில்லை. நான்காவது காட்சியில் கைவைக்காமல் இருந்தால் போதும். வேண்டுமானால் ஒரே ஒரு வரி சேர்க்கலாம், இது 1994 என்று. பணத்தைக் கொட்ட வேண்டிய இடங்கள் வேறு இருக்கின்றன. கழுத்து மூட்டுகளின் தேய்மானம், கைவிரல் தோலின் வெடிப்பு, வாயசைவும் குரலும் விலகும் இடங்கள், மூன்றாம் காட்சிக்கு நகரும்போது இருக்கைகள் கொடுக்கும் உலுக்கல், நாய் தலை தூக்கும் வேகம். அவற்றை ஆண்டுதோறும் கவனித்துவர ஒரு கைதேர்ந்த குழுவைத் தனியாக நியமித்துவிட்டு, வசனப் பிரதியைப் பூட்டி வைக்கட்டும்.